சுவரில்லா நாட்டுச் சித்திரங்கள்

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது தமிழர் பழமொழி. ஆனால், சுவரே இல்லாது வாழ்ந்த மக்களும் உலகில் உளர். கனடா நாட்டின் வடகோடியில், மரம் வளராத ஆர்க்டிக் நிலத்தில் வாழும் இனுயிட் மக்களே அவர்கள். குளிர்காலத்தில் இறுகிய பனியை வெட்டி அடுக்கி இல்லம் அமைத்தனர். கோடையில் கடல்நாய்த் தோலால் கூடாரம் அமைத்தனர். பனியில்லம் வேனிலில் உருகிப் போகும். கூடாரம் சுருட்டப்பட்டு வேட்டை வழியே அடுத்த இடம் சேரும். அங்கே சித்திரம் தங்குவதற்குச் சுவர் ஏது?

அத்தகைய மக்களிடமிருந்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லாயிரக்கணக்கான சித்திரங்களும் அச்சுப்படங்களும் தோன்றின. அவற்றை அழகுப் பொருள்களாக மட்டுமே காண்பவர் பலர். அவற்றின் தலையாய சிறப்போ வேறு. பிறர் எழுதிய வரலாற்றில் பெயரின்றிக் கிடந்த ஒரு மக்கள், தாமே எழுதுகோல் எடுத்துத் தம் வாழ்வைத் தீட்டினர். அவ்வரலாறு எவ்வாறு பிறந்தது, எதனைக் கூறிற்று, எதனைக் கூறாது விட்டது என்பன வரலாற்று மாணவர் ஆராயத்தக்க வினாக்களாகும்.

எண்ணாக இருந்த மனிதர்

பழைய பாடநூல்கள் இம்மக்களை 'எஸ்கிமோ' என்று குறித்தன. அது பிறர் இட்ட பெயர். அவர்கள் தம்மை 'இனுயிட்' என்றே அழைத்துக்கொண்டனர். 'மக்கள்' என்பதே அச்சொல்லின் பொருள். ஒருவரைக் குறிக்குமிடத்து 'இனுக்' என்பர்.

இனத்தின் பெயர் மட்டுமன்று, தனிமனிதர் பெயரும் அவர்களுக்கு ஒழுங்காகக் கிட்டவில்லை. இனுயிட் பெயர்களை எழுதவும் ஒலிக்கவும் இடர்ப்பட்ட கனடிய அரசு, 1940களின் தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சிறு வில்லை ஒன்றை வழங்கிற்று. அரசு ஏடுகளில் அவ்வெண்ணே மனிதனாயிற்று. குடும்பப் பெயர்களைப் பதியும் பணி 1970ஆம் ஆண்டை ஒட்டியே நடைபெற்றது. இச்செய்தியை மனத்தில் இருத்திய பின்னரே இனுயிட் அச்சுப்படம் ஒன்றினை நோக்குதல் வேண்டும். படத்தின் ஓரத்தில் வரைந்தவர் பெயர் இனுயிட் எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்து, 1840ஆம் ஆண்டளவில் கிரீ என்னும் பழங்குடியினருக்காக ஜேம்ஸ் எவன்ஸ் என்னும் சமயத் தொண்டர் வகுத்த அசையெழுத்தின் வழிவந்தது. அரசேட்டில் எண்ணாக இருந்தவர், கலையேட்டில் பெயரோடு நின்றார்.

வாழ்வு மாறிய காலம்

இனுயிட் மக்களின் பழைய வாழ்வு, விலங்கையே நம்பியது. கடல்நாயின் இறைச்சி உணவாயிற்று. அதன் கொழுப்பு கல்விளக்கில் எரிந்து ஒளியும் வெப்பமும் தந்தது. காரிபு எனப்படும் பனிமானின் தோல் குளிர்கால உடையாயிற்று. பிறை வடிவிலான 'உலு' என்னும் கத்தியால் பெண்கள் தோலை வெட்டி, விலங்கின் நரம்பையே நூலாகக் கொண்டு தைத்தனர். தையல் ஓரிடத்தில் பிரிந்தாலும் வேட்டைக்குச் சென்ற ஆண்மகன் உறைந்து மாண்டிருப்பான். எனவே, ஊசி பிடித்த கையும் ஈட்டி பிடித்த கையும் ஒரு குடும்பத்தைச் சமமாகவே காத்தன.

20ஆம் நூற்றாண்டில் வணிகர் வந்தனர். பாஃபின் தீவின் தென்மேற்கு முனையில் உள்ள கேப் டார்செட்டில் ஹட்சன் விரிகுடா நிறுவனம் 1913இல் கடை அமைத்தது. வெண்ணரித் தோலைக் கொடுத்து, துப்பாக்கி, தோட்டா, மாவு, தேயிலை ஆகியவற்றை மக்கள் பெற்றனர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் நரித்தோலின் விலை வீழ்ந்தது. வணிகத்தை நம்பப் பழகிய குடும்பங்கள் வறுமையுற்றன. உள்நாட்டுப் பகுதிகளில் 1950களில் பனிமான் கூட்டம் வழக்கமான தடத்தில் வாராமையால் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. காசநோய் பரவியது. நோயுற்றோர் கப்பலேற்றப்பட்டுத் தென்னாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கினர், பலர் திரும்பவேயில்லை.

அரசு, சிதறி வாழ்ந்த மக்களைப் பள்ளியும் மருத்துவ நிலையமும் உள்ள குடியிருப்புகளுக்கு வருமாறு தூண்டியது. 1950க்கும் 1970க்கும் இடைப்பட்ட ஒரு தலைமுறைக் காலத்திற்குள் பெரும்பாலோர் நாடோடி வாழ்வை விட்டுப் பலகை வீடுகளில் குடியேறினர். பனியில்லத்தில் பிறந்தவர், மின்விளக்கின் கீழ் முதுமையடைந்தார். இம்மாற்றத்தின் நடுவில்தான் தாளும் எழுதுகோலும் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன.

அச்சுக்கலை பிறந்த கதை

இனுயிட் மக்கள் வரைகலையை முற்றிலும் அறியாதவர் அல்லர். தந்தத்தில் கோட்டுருவம் கீறுவதும், வெவ்வேறு நிறத் தோல்களை வெட்டி இணைத்து உடையில் அணி செய்வதும் அவர்களுடைய பழங்கலைகள். 1913–14ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைத் தென் பாஃபினில் கழித்த ராபர்ட் ஃபிளாஹெர்டி, ஈனூயிஸ்வீடோக் என்பார் வரைந்த படங்களைப் பெற்று வந்து, 1915இல் வெளியிட்டார். ஆயினும், வரைகலை ஒரு மக்களின் தொழிலாகவும் நினைவேடாகவும் வளர்ந்தது அதற்கு நாற்பது ஆண்டுகட்குப் பின்னரே.

ஜேம்ஸ் ஹூஸ்டன் என்னும் கனடிய ஓவியர் 1948இல் வடபுலம் சென்று, இனுயிட் மக்கள் செதுக்கிய சிறு கற்சிற்பங்களைக் கண்டு வியந்தார். மறு ஆண்டு மாண்ட்ரியல் நகரில் நடந்த விற்பனையில் அத்தகைய சிற்பங்கள் மூன்று நாள்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. நரித்தோலை இழந்த மக்களுக்கு வேறொரு வருவாய் வழி தோன்றிற்று. ஹூஸ்டன் பின்னர் அரசு அலுவலராகக் கேப் டார்செட்டில் குடியேறினார்.

1957இல் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே அச்சுக்கலைக்கு வித்தாயிற்று. ஒசுயிடோக் இபிலி என்னும் சிற்பி, சிகரெட் பெட்டிகள் இரண்டினை ஒப்பிட்டு நோக்கினார். இரண்டிலும் மாலுமியின் தலை மாறாமல் ஒன்றுபோல் இருந்தது. யாரோ ஒருவர் அமர்ந்து, ஒவ்வொரு பெட்டியிலும் அதே உருவத்தை ஓயாது தீட்டுவது சலிப்பூட்டும் வேலையாயிற்றே என்றார் அவர். அச்சு என்பதனை விளக்க ஹூஸ்டனுக்குத் தக்க சொல் கிடைக்கவில்லை. ஒசுயிடோக் செதுக்கிய வால்ரஸ் தந்தத்தின் கோடுகளில் மையைத் தடவி, மெல்லிய தாளை வைத்து அழுத்தி எடுத்துக் காட்டினார். தந்தத்தில் இருந்த உருவம் தாளில் வந்தது. அதைக் கண்ட சிற்பி, தங்களாலும் இது செய்ய இயலும் என்றாராம்.

சொல்லியவாறே செய்தனர். முதற்படங்கள் உருவாகிய பின், 1958ஆம் ஆண்டு இறுதியில் ஹூஸ்டன் ஜப்பான் சென்று, ஹிராட்சுகா உனிச்சி என்னும் அச்சுக்கலை அறிஞரிடம் சில மாதங்கள் பயின்று திரும்பினார். 1959இல் கேப் டார்செட்டின் முதல் ஆண்டுத் தொகுப்பு வெளிவந்தது. அதுமுதல் ஆண்டுதோறும் தொகுப்பு வெளியிடும் மரபு நிலைபெற்றது. தொழிலை நடத்த மக்களே உறுப்பினராகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 1960இல் வந்து சேர்ந்த டெர்ரி ரயன் என்னும் ஓவியர் பல்லாண்டுகள் அதற்குத் துணைநின்றார். பின்னர், புவிர்னிடுக்கில் 1962இலும், ஹோல்மனில் 1965இலும், பேக்கர் ஏரியில் 1970இலும், பங்னிர்டுங்கில் 1973இலும் தொகுப்புகள் தோன்றின.

கல்லும் தோலும்

கேப் டார்செட்டில் ஒருவரே படத்தை முழுமையாக முடிப்பதில்லை. ஒருவர் தாளில் வரைவார். அச்சிடுவதற்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட படத்தை வேறொருவர் சமன் செய்த கல்லின்மேல் பெயர்த்து, மை படவேண்டாத பகுதிகளைச் செதுக்கி நீக்குவார். எஞ்சிய மேட்டில் மை தடவப்படும். அதன்மேல் மெல்லிய ஜப்பானியத் தாளை விரித்துக் கையால் தேய்த்து எடுப்பர். பொதுவாக ஐம்பது படிகள் எடுத்தபின், மீண்டும் அச்சிட இயலாதவாறு கல்லின் முகத்தை அழித்துவிடுவர். கனங்கினாக் பூட்டூகுக், இயோலா கிங்வாட்சியாக், லுக்டா கியாட்சுக், ஈகிவுட்லுக் பூட்டூகுக் ஆகியோர் முதன்முதல் இவ்வச்சுப்பணியில் தேர்ந்தவர்கள்.

துளையச்சு என்பது மற்றொரு முறை. தொடக்கத்தில் கடல்நாய்த் தோலில் உருவத்தை வெட்டியெடுத்து, அத்துளை வழியே வண்ணம் தோய்த்தனர். வேலைப்பாடுகளின் வேர் இங்கே புலனாகிறது. கல்லையும் தந்தத்தையும் செதுக்கிப் பழகிய ஆடவர் கையும், தோலை வெட்டிப் பழகிய மகளிர் கையும் புதிய தொழிலில் பழைய திறனையே காட்டின. கெனோஜுவாக் அஷெவாக் என்னும் பெண்மணியின் முதல் அச்சுப்படமான 'கடற்பாசி உண்ணும் முயல்', அவர் ஒரு தோற்பையில் வெட்டி ஒட்டிய உருவத்திலிருந்தே பிறந்தது. அச்சு முறையும் தாளும் முத்திரையும் அயல்நாட்டிலிருந்து வந்தன. கண்ணும் கையும் நினைவும் அம்மண்ணுக்கே உரியன.

படங்கள் கூறும் செய்தி

இப்படங்களில் அடிவானக் கோடு பெரும்பாலும் இராது. நிழல் இராது. கூடாரத்தின் வெளிப்புறமும் உள்ளே உறங்கும் குழந்தையும் ஒருங்கே தோன்றும். தொலைவில் உள்ளது சிறிதாகவும் அண்மையில் உள்ளது பெரிதாகவும் வரையும் ஐரோப்பிய விதி இங்கு ஆட்சி செய்வதில்லை. எது முதன்மையானதோ அது பெரிதாக நிற்கும். இதனை அறியாமை என்பது பொருந்தாது. கண்ட காட்சியை அன்றி, அறிந்த வாழ்வை வரைதலே இவர்களின் நோக்கம்.

நிவியாக்சியாக் 1959இல் வரைந்த ஒரு படம், பனித்துளை அருகே கடல்நாய்க்காகக் காத்திருக்கும் வேடனைக் காட்டுகிறது. கடல்நாய் மூச்சுவிடுவதற்காக உறைந்த கடலில் துளைகளை வைத்துக்கொள்ளும். அது மேலே வரும் நொடிக்காக வேடன் அசையாது பல நாழிகை நிற்பான். பனியில் காலடி நெருடினாலும் கீழே உள்ள விலங்கு அறிந்துகொள்ளும். நூல்கள் பக்கக்கணக்கில் விளக்க வேண்டிய அப்பொறுமையை ஒரு குனிந்த உடலின் வளைவு உணர்த்திவிடுகிறது.

பார் என்னும் முதியவர், உறைபனியால் பாதத்தின் ஒரு பகுதியை இழந்து வேட்டையைக் கைவிட நேர்ந்தவர். 1961இல், அறுபதைக் கடந்த அகவையில், அவர் எழுதுகோலைப் பற்றினார். 1969இல் இறக்கும்வரை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். வேடர், நாய்கள், வால்ரஸ்கள், பனிமான்கள் என வேட்டைக்களமே அவர் தாளில் திரண்டது. கோடுகள் செப்பமற்றவை, ஆனால், களம் கண்டவன் கோடுகள். நடக்கவியலாத வேடன் தாளின்மேல் வேட்டையாடினான் என்று கூறின் மிகையாகாது.

உள்நாட்டு மக்களின் வாழ்வைப் பேக்கர் ஏரியின் ஜெஸ்ஸி ஊனார்க் காட்டினார். 1950களின் பிற்பகுதியில் பட்டினியிலிருந்து உயிர்தப்பி அக்குடியிருப்புக்கு வந்தவர் அவர். 'உள்நாட்டு எஸ்கிமோப் பெண்' என்னும் அவரது படம் 1960ஆம் ஆண்டின் கேப் டார்செட் தொகுப்பில் இடம்பெற்றது. பெண்களின் தோலாடைகளின் வெட்டும் இணைப்பும் அவர் படங்களில் செம்மையாகப் பதிவாகியுள்ளன.

1964இல் டெர்ரி ரயன் நாய்வண்டியில் வட பாஃபின் குடியிருப்புகளுக்கும் வேட்டை முகாம்களுக்கும் சென்று, முதியோர் பலரிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்தார். ஏறத்தாழ 1,800 படங்கள் அவரிடம் வந்து சேர்ந்தன. வாய்மொழியாக மட்டுமே இருந்த பழங்கதைகளும் வாழ்முறைகளும், அவற்றை அறிந்த தலைமுறை மறையுமுன் இவ்வாறு தாளில் ஏறின.

ஓர் ஐயம்

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பே. இப்படங்கள் விற்பனைக்கென வரையப்பட்டவை அல்லவா? வாங்கியவர் தென்னாட்டு நகரத்தார் அல்லரோ? அவர்கள் விரும்பியதையே கலைஞர் வரைந்தனர் எனின், இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் எங்ஙனம்?

இவ்வையத்தைத் தள்ளிவிடுதல் இயலாது. பழைய வாழ்வை வரையுமாறு ஹூஸ்டன் தம்மிடம் கூறியதாகப் பிட்சியோலாக் அஷூனா என்னும் மூதாட்டியே சொல்லியுள்ளார். 1961இல் அரசு அமைத்த கலைக்குழு, 1989 வரை ஆண்டுத் தொகுப்புகளை ஆராய்ந்து, ஏற்பனவும் விலக்குவனவும் கூறிவந்தது. வாங்குவோர் பனிக்கரடியையும் வேடனையும் விரும்பினர். பனியூர்தியையும் மின்கம்பத்தையும் விரும்பவில்லை. ஆகவே, அச்சேறியவை மக்கள் கண்ட அனைத்தும் அல்ல.

ஆயினும், கலைஞர் அவ்வெல்லைக்குள் முற்றிலும் அடங்கிவிடவில்லை. புட்லோ புட்லாட், தம் படங்களில் கஸ்தூரி எருதுக்கு அருகே வானூர்தியைப் பறக்கவிட்டார். 1986இல் வெளிவந்த 'திணிக்கப்பட்ட இடப்பெயர்ச்சி' என்னும் அவரது படத்தில், ஹெலிகாப்டர் ஒன்று ஆர்க்டிக் விலங்குகளைக் கயிற்றில் கட்டித் தூக்கிச் செல்கிறது. நகைப்புக்குரிய காட்சிபோல் தோன்றும் அதில், தம் விருப்பம் கேட்கப்படாமல் இடம்பெயர்க்கப்பட்ட ஒரு மக்களின் வேதனை அடங்கியிருக்கிறது. 1990இல் கனடாவின் தேசியக் கலைக்கூடம் அவர் படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்திற்று.

மூன்று தலைமுறை

அவ்வையத்திற்கு நேரிய விடையை ஒரே குடும்பத்தின் மூன்று பெண்கள் வழங்கினர்.

முதல்வர், மேலே கூறிய பிட்சியோலாக். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்து, 1983இல் மறைந்தவர். 17 மக்களைப் பெற்றார். பலர் இளமையிலேயே மாண்டனர். கணவரும் 1940களில் நோயால் இறந்தார். பிள்ளைகளைக் காக்கத் தையல் வேலை செய்தவர், முதியவரான கியாக்ஷுக்கின் படங்களைக் கண்டு, தாமும் வரையலானார். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் அவர் கையிலிருந்து வந்தன. கூடாரம் பெயர்த்துச் செல்லும் குடும்பம், முதுகுப் பையில் குழந்தையைச் சுமக்கும் தாய், மீன்குத்தும் மக்கள், விளையாடும் சிறுவர் என அவர் உலகம் பெரும்பாலும் மகிழ்ச்சியானது. பசியையும் இழப்பையும் அறிந்த அவர், அவற்றை அரிதாகவே வரைந்தார். அவர் வாழ்வும் படங்களும் 1971இல் நூலாக வெளிவந்தன.

இரண்டாமவர், மகள் நபாச்சி பூட்டூகுக். 1938இல் பிறந்து, 2002இல் மறைந்தவர். அவரும் பழைய வாழ்வையே வரைந்தார். ஆனால், இறுதி ஆண்டுகளில் தாய் வரையாது விட்டவற்றை வரைந்தார். விருப்பமின்றி மணமுடிக்கப்பட்ட பெண், கணவனால் அடிபட்டவள், பட்டினியால் மெலிந்த குடும்பம் ஆகிய காட்சிகளைத் தீட்டி, நடந்ததை அசையெழுத்தில் படத்திலேயே எழுதியும் வைத்தார். பழமை என்பதனாலேயே அனைத்தும் பொற்காலம் ஆகிவிடாது என்பதை அவர் மறைக்கவில்லை.

மூன்றாமவர், நபாச்சியின் மகள் ஆனி பூட்டூகுக். 1969இல் பிறந்தவர். பனியில்லத்தில் வாழ்ந்ததில்லை, ஆதலின் பனியில்லத்தை வரைவதைத் தம் தொழிலாகக் கொள்ளவில்லை. தொலைக்காட்சி பார்க்கும் குடும்பத்தையும், கூட்டுறவுக் கடையையும், தரையில் அமர்ந்து கடல்நாய் இறைச்சி உண்போரையும், குடியால் சிதையும் இல்லத்தையும் வண்ணக் கோலால் வரைந்தார். 2006இல் கனடாவின் சோபி கலைப் பரிசு அவருக்குக் கிட்டியது. மறு ஆண்டு ஜெர்மனியில் நடந்த டாக்குமென்டா உலகக் கண்காட்சியிலும் அவர் படங்கள் இடம்பெற்றன. 2016இல், 47 அகவையில், ஒட்டாவா நகரில் அவர் மறைந்தார். புகழ் அவரைத் துயரிலிருந்து காக்கவில்லை.

மூவருள் உண்மை கூறியவர் யார் என்று வினவுவது பிழை. தாம் விட்டுவந்த வாழ்வின் இனிமையைப் பாட்டி காத்தார். அதன் கசப்பை மகள் காத்தார். அதன்பின் வந்ததைப் பேர்த்தி காத்தார். மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்துத்தான் ஒரு மக்களின் வரலாறு முழுமை பெறுகிறது.

மாணவர் கொள்ளத்தக்கது

வகுப்பறையில் ஒரு வரலாற்றுப் படத்தை மாணவரிடம் காட்டும் ஆசிரியர், "இதில் என்ன காண்கிறாய்?" என்று மட்டும் கேட்பது போதாது. யார் வரைந்தார்? எப்போது வரைந்தார்? யாருக்காக வரைந்தார்? எதனை வரையாது விட்டார்? இந்நான்கு வினாக்களையும் கேட்கப் பழகிய மாணவன் எந்தச் சான்றினையும் ஏமாறாது நோக்குவான். இனுயிட் சித்திரங்கள் இப்பயிற்சிக்கு ஏற்ற பாடம்.

1999 ஏப்ரல் முதல் நாள், இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் நுனாவுட் என்னும் ஆட்சிப் பகுதி தோன்றியது. 2018இல் கேப் டார்செட்டில் கெனோஜுவாக்கின் பெயரால் பண்பாட்டு நிலையமும் அச்சுக்கூடமும் திறக்கப்பட்டன. 2020இல் அவ்வூர், மலைகள் எனப் பொருள்படும் கிங்காயிட் என்னும் தன் இனுயிட் பெயரையே முறைப்படி ஏற்றது. எண்ணிலிருந்து பெயருக்கு வந்த பயணத்தில் இவையும் படிகள்.

ஆனி பூட்டூகுக் வரைந்த படங்களுள் ஒன்றில், மனித உருவமே இல்லை. தடித்த கருஞ்சட்டம் உடைய ஒரு மூக்குக்கண்ணாடி மட்டுமே தாளை நிறைத்து நிற்கிறது. அஃது அவர் பாட்டி பிட்சியோலாக்கின் கண்ணாடி. பழைய வாழ்வைப் பேர்த்தி நேரில் கண்டதில்லை. அதனைக் கண்ட விழிகள் இதன் பின்னிருந்து நோக்கின என்பதை அறிந்திருந்தார். அதனை வரைந்து வைத்தார்.